இனிஷியலும் விசாவும்

2025 ஜூன் மாதம். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை என்னிடம் கணக்குப் படித்தவள். பொறியியல் முடித்து, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று ஏப்ரலில்தான் இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது குரலே சரியில்லை.

"டீச்சர், பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ல எனக்கு 'இ' இனிஷியல் யாரு டீச்சர் போட்டது?"

நான்தான் போட்டேன். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாரித்த ஆண்டில் அந்த வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். அவளுடைய தந்தையின் பெயர் ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். நம் வட மாவட்டங்களில் தெருவுக்கு ஒருவர் இருக்கும் பெயர்தான். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'இ' என்ற எழுத்தில் தொடங்கி 'ழ'வுக்கு 'இசட்எச்' போட்டு எழுதுவது என் வழக்கம். தந்தையின் ஆதார் அட்டையிலோ அது 'ஒய்'யில் தொடங்கி, 'ழ'வுக்கு 'எல்' போட்டு எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஏழுமலைதான். தமிழில் படித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் ஒரு ஜெர்மன் அலுவலர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இவை இரண்டு வேறு மனிதர்களின் பெயர்கள்.

அன்றிலிருந்து அக்டோபர் வரை அவளோடு சேர்ந்து நானும் விசாவைப் பற்றிப் படித்தேன். நம் பள்ளிகளில் படித்துவிட்டு வெளிநாடு போகும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். சந்தேகம் வந்தால் அவர்கள் கேட்பது முகவரை அல்லது நம்மை. ஆகவே நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். ஜெர்மனியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதில் பாதி, பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் பொருந்தும்.

ஷெங்கன் என்றொரு சிற்றூர்

லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. ஜெர்மனி, பிரான்சு, லக்சம்பர்க் மூன்றின் எல்லைகளும் சந்திக்கும் இடம் அது. 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற ஒரு படகில் பெல்ஜியம், பிரான்சு, ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்கிடையே உள்ள எல்லைகளில் சோதனையைக் கைவிடுவது என்பதே அதன் சாரம். 1995இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபிறகு இன்று 29 நாடுகள் இந்த வட்டத்துக்குள் இருக்கின்றன.

இதில் சமூக அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றல்ல. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் ஷெங்கனில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை. லண்டன் இரண்டிலுமே இல்லை. பாரிசுக்கு வாங்கிய விசாவைக் காட்டி லண்டனுக்குள் நுழைய முடியாது.

ஏ, சி, டி

ஜெர்மனி செல்லும் இந்தியர் பெறும் விசாக்கள் மூன்று எழுத்துகளுக்குள் அடங்கும். ஏ, சி, டி. 'பி' எங்கே என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. முன்பு நாட்டின் வழியாகக் கடந்து செல்பவர்களுக்கு அப்படி ஒன்று இருந்தது. 2010இல் புதிய விசா விதித்தொகுப்பு வந்தபோது அதை நீக்கிவிட்டார்கள்.

'ஏ' என்பது விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியை விட்டு வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுபவர்களுக்கு உரியது. இந்தியப் பயணிகளுக்கு இது தேவையா இல்லையா என்ற விதி மாறக்கூடியது. பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வதே சரி. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம். பிராங்க்பர்ட்டில் இறங்கி அங்கிருந்து லிஸ்பனுக்கோ ரோமுக்கோ போகிறவர் பிராங்க்பர்ட்டிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்துவிடுகிறார். அவருக்கு 'ஏ' போதாது.

'சி' என்பதுதான் நாம் பொதுவாக ஷெங்கன் விசா என்று சொல்வது. சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது, கருத்தரங்கு, குறுகிய பயிற்சி எல்லாம் இதில் வரும். 2024 அக்டோபரில் நம் துறை கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றதே, அதுபோன்ற குறுகிய பயணங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வேறு நாட்டில் போய்ச் சுற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விண்ணப்பத்தில் சொன்ன பயணத் திட்டமும் உண்மைப் பயணமும் வேறாக இருந்தால் எல்லையில் பதில் சொல்ல வேண்டி வரும்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45, அதற்கும் கீழே இலவசம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். வெற்றுப் பக்கம் இரண்டாவது இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, போகவர பயணச்சீட்டு முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், ஊருக்குத் திரும்பி வருவோம் என்பதற்கான ஆதாரம் ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னது அரசு ஆசிரியர்களுக்கு எளிது. பணிச்சான்று, விடுப்பு அனுமதி, துறையின் தடையின்மைச் சான்று மூன்றும் சேர்ந்தால் அதைவிட வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் தடையின்மைச் சான்று கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் வந்து நின்றால் ஏற்க மாட்டார்கள். சான்றுக்கான கடிதத்தை அதற்கும் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

'சி' விசாவில் எத்தனை நாள் தங்கலாம்? எந்த 180 நாளிலும் 90 நாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பலர் தடுமாறுவது இங்கேதான். இது காலண்டரில் அரையாண்டைக் குறிப்பதல்ல. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அந்தச் சட்டத்துக்குள் தங்கிய நாள்கள் 90ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் கிளம்பிய நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். பத்தாம் வகுப்பில் இதையே ஒரு கணக்காகக் கொடுத்தேன். லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் பலமுறை நுழையும் விசா வைத்திருக்கும் ஒருவர் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தங்கினார். மீண்டும் எப்போது நுழையலாம்? 31, 28, 31 கூட்டினால் 90 தீர்ந்தது. ஜூன் 29 வருடத்தின் 180ஆவது நாள், அன்று பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 1 இன்னும் சட்டத்துக்குள் இருக்கிறது. ஜூன் 30 அன்றுதான் அது வெளியே விழுகிறது. எனவே விடை ஜூன் 30. பெரும்பாலான பிள்ளைகள் ஜூலை 1 என்று எழுதினார்கள். ஆசிரியர் அறையிலும் அதே விடைதான் வந்தது.

விசா ஒட்டுத்தாளைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் 'எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை' என்று ஒரு வரி, 'எத்தனை நாள் தங்கலாம்' என்று தனியாக ஓர் எண். முதல் வரியில் ஒரு மாத இடைவெளி இருக்கும், எண் 15 என்று இருக்கும். அப்படியானால் தங்கக்கூடியது 15 நாள்தான். எத்தனை முறை நுழையலாம் என்பது மூன்றாவது கட்டத்தில் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் கணினியில் பதியும் முறை வந்திருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது தானாகவே கணக்கில் ஏறிவிடும்.

அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென ஒரு தளர்வு கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியவர் இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் பலமுறை விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் பெறலாம். அப்போதும் 90 நாள் கணக்கு மாறாது.

படிக்கப் போகிறவருக்கு 'டி'

90 நாளைத் தாண்டித் தங்க வேண்டும் என்றால் அது ஷெங்கன் நாடுகளின் பொதுவான விவகாரம் அல்ல, அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டம். அதனால்தான் 'டி'யைத் தேசிய விசா என்கிறார்கள். ஜெர்மனிக்குக் கட்டணம் 75 யூரோ. பல்கலைக்கழகப் படிப்பு, தொழிற்பயிற்சி, திறன் பெற்ற பணியாளர், குடும்பத்தோடு சேர்தல் என்று இதற்குள் பல பிரிவுகள். 2024 ஜூனிலிருந்து 'வாய்ப்பு அட்டை' என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கல்வி, அனுபவம், மொழி, வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, தகுதியானவர்களை ஓராண்டு வரை அங்கேயே இருந்து வேலை தேட விடுகிறார்கள். இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்று இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. முகவர்களின் விளம்பரங்களில் இந்த 90,000 பெரிய எழுத்தில் இருக்கும். மொழித் தகுதி பற்றிய வரி சிறிய எழுத்தில்கூட இருக்காது.

என் மாணவியிடம் ஒரு முகவர் சொன்ன யோசனையை இங்கே எழுத வேண்டும். 'டி' விசாவுக்கு நாள் ஆகும், சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிடு, அங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். இந்தியர்களுக்கு அப்படி மாற்ற முடியாது. திரும்பி வந்து இங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு வரியை நம் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தாலே பல குடும்பங்களின் பணம் தப்பும். அவர் விசாவுக்கு 'உத்தரவாதம்' தருவதாகச் சொல்லி 2 லட்சம் கேட்டதை எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். விசா தருவது தூதரக அலுவலர். உத்தரவாதம் தர இடையில் எவருக்கும் அதிகாரம் இல்லை.

படிப்புக்கான விசாவுக்கு முதலில் வேண்டியது ஏபிஎஸ் சான்று. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். டெல்லியில் உள்ள ஏபிஎஸ் மையம் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பட்டம் வரை எல்லாவற்றையும் சரிபார்த்து, இவை உண்மையானவை என்று சான்று தருகிறது. கட்டணம் 18,000 ரூபாய். இதற்கே சில வாரங்கள் ஆகும். சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். இன்னொன்று, நம் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் பெரும்பாலும் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேரப் போதாது. இங்கே ஓராண்டாவது கல்லூரியில் படித்திருக்க வேண்டும், அல்லது அங்கே ஆயத்த வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவுடன் அனுப்புகிறேன் என்பவரிடம் எப்படி என்று கேட்கலாம்.

அடுத்து பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இலிருந்து கட்டணம் வாங்குகிறது. கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஓராண்டுக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். இதைப் 'ப்ளாக்டு அக்கவுண்ட்' என்ற சிறப்புக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம்.

மாணவியின் தந்தை நெசவுத் தொழிலாளி. பன்னிரண்டு லட்சத்தை ஜெர்மனி அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய் ஒரு தாளில் 992ஐ 12ஆல் பெருக்கிக் காட்டினேன். "அது உங்க பொண்ணு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்க பொண்ணு கைக்கே மாசாமாசம் வர்ற பணம்ணே" என்றேன். "அப்ப அது ஃபீஸ் இல்லையா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கடன் கடன்தான். ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரிவதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. உதவித்தொகை பெற்றவர்களுக்கும், அங்கே வசிக்கும் ஒருவர் செலவை ஏற்பதாக முறையாக உறுதியளித்தவர்களுக்கும் இந்தக் கணக்குத் தேவையில்லை. படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யவும் அனுமதி உண்டு. ஆனால் அந்த வருமானம் வரும் என்று நம்பிக் கணக்கில் குறைத்துப் போட முடியாது.

2025 ஜனவரியிலிருந்து தேசிய விசா விண்ணப்பங்களை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையதளத்திலேயே சமர்ப்பிக்கலாம். ஆவணங்களை ஏற்றினால், முதலில் சரிபார்த்துக் குறை இருந்தால் சொல்வார்கள். பிறகுதான் விரல் ரேகை பதிய நேரில் வர வேண்டும். என் மாணவிக்குக் குறை வந்தது இந்த இடத்தில்தான்.

மூன்று தாள், மூன்று பெயர்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது. அதை விரித்து எழுத வேண்டும். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அவளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த கணினி மையத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். அது தவறல்ல, அனுமதி உண்டு. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர், ஆதாரில் உள்ளபடி 'ஒய்'யில் தொடங்கியிருந்தது.

ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்திலோ குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. அவள் என்ன செய்வாள்? தன் சான்றிதழில் 'இ' என்று இருப்பதால் தந்தை பெயரை 'இ'யில் தொடங்கி எழுதிவிட்டாள். சேர்க்கைக் கடிதம் அந்தப் பெயரில் வந்தது. சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லாமல் ஒரு பெயர், சேர்க்கைக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் எங்கும் இல்லாத குடும்பப் பெயரோடு இன்னொரு பெயர். இந்தக் கடிதம் உங்களுடையதுதான் என்பதற்கு விளக்கம் தேவை என்று இணையதளத்தில் குறிப்பு வந்தது. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடக்கம். அன்று ஜூன் 18.

இரண்டு வழி இருந்தன. ஒன்று, பல்கலைக்கழகத்தை எழுதிக் கேட்டுக் கடிதத்தை மட்டும் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி திருத்துவது. மற்றொன்று, பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயரைச் சேர்த்து மறுவெளியீடு பெற்று, எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுவது. முதல் வழி சுருக்கமானது. ஆனால் அங்கே ஏற்கனவே படிக்கும் சீனியர்கள் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். வங்கி, மருத்துவக் காப்பீடு, வீட்டு ஒப்பந்தம் என்று அங்கே போகிற இடமெல்லாம் இரண்டு கட்டம் இருக்கும், ஒவ்வொரு முறையும் இதே கதை நடக்கும் என்றார்கள். ஐரோப்பா மட்டுமல்ல, 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று சொன்னபோது நம் ஊர்க்காரர்கள் பலர் தவித்தது நினைவிருக்கலாம்.

ஆதாரைத் திருத்தி, பாஸ்போர்ட்டுக்கு மீண்டும் விண்ணப்பித்து, காவல்துறை விசாரணை முடிந்து புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஜூலை முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் திருத்திய கடிதம் அனுப்ப மேலும் இரண்டு வாரம். சிறப்புக் கணக்கிலும் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பள்ளிச் சான்றிதழ்களை மட்டும் தொடவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி என்று ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும். அதற்கு இந்த ஆண்டு போதாது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதோடு பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின்படி தந்தை பெயர் இன்னது என்று தலைமையாசிரியர் கையொப்பமிட்ட சான்று. அந்தச் சான்றை எழுதிக் கொடுத்தது நான். பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தையே பார்த்து எழுதினேன்.

அந்த நாள்களில் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ரிஜெக்ட் பண்ணா என்ன டீச்சர் செய்யறது?" என்றாள். மறுத்தால் கட்டணம் திரும்ப வராது. மறுப்புக்கான காரணம் எழுத்தில் வரும். முன்பெல்லாம் அதே அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. இப்போது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது வழி வழியே அல்ல. அதனால் முதல் முறையிலேயே தாள்கள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் விசா வந்தது. பல்கலைக்கழகத்துக்கு முன்பே எழுதித் தாமதமாகச் சேர அனுமதி வாங்கி வைத்திருந்தாள். அக்டோபர் மூன்றாவது வாரம் கிளம்பினாள். விமான நிலையத்தில் அவளுடைய அப்பா என்னிடம் ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

விசா கிடைத்ததோடு முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'டி' விசா சில மாதங்களுக்குத்தான் செல்லும். வீடு பார்த்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பிறகு வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்குரிமை அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டைதான் படிப்பு முடியும் வரை அவளுடைய அடையாளம். பட்டம் பெற்ற பிறகு வேலை தேட 18 மாதம் வரை நீட்டிப்பு கிடைக்கும்.

இந்த ஆண்டு பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர்களுடைய ஆதாரோடு தந்தை, தாயின் ஆதார் நகலையும் வாங்கி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நாற்பத்திரண்டு பேரில் பதினொரு பேருக்கு ஏதோ ஒரு வேறுபாடு இருந்தது. 'ஞான' என்று தொடங்கும் பெயருக்கு 'ஜி' போட்ட இடமும் உண்டு, 'என்' போட்ட இடமும் உண்டு. 'கிருஷ்ணன்' ஒருவர் பெயரில் 'கே' இருந்தது, அவருடைய மகனின் இனிஷியல் 'சி'. லட்சுமிக்கு எக்சா, 'கே-எஸ்-எச்'சா என்பது நம் ஊரில் என்றைக்கும் தீராத வழக்கு. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. என் உச்சரிப்புப்படி எழுதாமல், குடும்பம் எந்த எழுத்தில் கையெழுத்திடுகிறதோ அதையே எழுதினேன். பிறந்த தேதியில் வேறுபாடு இருந்த இருவருடைய பெற்றோரை வரவழைத்துப் பிறப்புச் சான்றோடு சரிபார்த்துத் திருத்தினோம். எமிஸ் பதிவில் திருத்த இரண்டு மாலை ஆனது. சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்த எவ்வளவு காலம் ஆகும் என்பது அலுவலகங்களுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஜனவரியில் அவள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். இளம்பச்சை நிறத்தில் சிறிய அட்டை, தங்குரிமை அட்டை. முதல் வரியில் குடும்பப் பெயர், அவளுடைய அப்பாவின் பெயர், 'ஒய்'யில் தொடங்கி. கீழே அவள் எழுதியிருந்தாள்: "எங்க அப்பா பேரைத்தான் டீச்சர் இங்க எல்லாரும் கூப்பிடறாங்க. ஆனா 'ழ' வரலை."